தப்பாக அழுத்தினால் பேசும் பெட்டி

ஆடி 5, திங்கள்

காற்று. தென்னை மட்டை ஒன்று மாட்டுக் கொட்டகை மேல் விழுந்தது. மாடு இல்லாத கொட்டகை, பரவாயில்லை.

மேலே உள்ள தேதியை நாட்காட்டி பார்த்து நானே எழுதினேன். "திங்கள்" எழுத மூன்று முறை அழித்தேன். டீ ஆறிவிட்டது.

இன்று படித்தவை: கூத்தாநல்லூர் பஸ் பலகை. உர மூட்டை. தீப்பெட்டி. எதிர்ச்சுவரில் "இங்கே குப்பை கொட்டாதீர்". இத்தனை வருடமாக நானும் அங்கேதான் கொட்டுகிறேன். சிரிப்பு தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

வீட்டுக்காரி மேரி இருந்தவரை அவள் படித்துச் சொல்வாள், நான் கேட்பேன். அவள் போன பிறகுதான் பள்ளிக்கூடத்து மாலை வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பும் முடிந்துவிட்டது. இந்த நோட்டு மிச்சம்.

சாயங்காலம் பெட்டி வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவர் செய்தது. நஸ்ரின், கார்த்திகா. எழுத நீளம். இனி ந., கா.

ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான எழுத்து விளையாட்டாம். பிஸ்கட் தகரப் பெட்டி. சின்னத் திரை. நான்கு பட்டன். பழைய ரேடியோ ஸ்பீக்கர். ஒயர் எல்லாம் கா. பற்றவைத்தது, விரலில் சூட்டுக் கொப்புளம். உள்ளே பேசும் குரல் ந.

"பெரியவங்களுக்கும் இது உதவுதான்னு பாக்கணும் தாத்தா. தினம் விளையாடுங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறோம்."

கா. உள்ளே இருக்கும் கார்டு பற்றி ஏதோ சொன்னாள். நான் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 6, செவ்வாய்

வெயில். மோட்டார் ஓடவில்லை, குடத்தில் தண்ணீர்.

பெட்டி கேட்கிறது: "தவளை. முதல் எழுத்து எது?" திரையில் நான்கு எழுத்து. சரியாக அழுத்தினால் பச்சை விளக்கு, "டிங்". தப்பு என்றால் சிவப்பு. அப்புறம் ந. பேசுகிறாள்: "பரவால்ல செல்லம். அவசரமே இல்ல. நல்லா யோசிச்சு இன்னொரு தடவ அழுத்து."

செல்லம்! எழுபதை நெருங்குகிறவனை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆடி 9, வெள்ளி

இருவரும் வந்தார்கள். கார்டை எடுத்துப் போய் பள்ளிக் கணினியில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஐம்பது கேள்விக்கு நாற்பத்தெட்டு சரியாம்.

"தாத்தா நீங்க ஃபர்ஸ்ட் ரேங்க்" என்றாள் ந.

வாங்க வேண்டியவை: புளி, நெத்திலிக் கருவாடு, ரப்பர்.

கடைக்குப் போகும் வழியில் மதகு. சூசையும் மற்றவர்களும் சிமெண்டில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுகிறார்கள். ரைஸ்மில் களத்தில் முப்பது வருடம் என்னோடு நெல் காய வைத்தவன் சூசை. கையில் நோட்டைப் பார்த்துவிட்டான்.

"என்னடா ஒண்ணாப்பு, டீச்சர் அடிச்சாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நிற்காமல் வந்துவிட்டேன். மேரி போன பிறகு அந்த மதகில் உட்காரவில்லை. எல்லோரும் நடுவில் எழுந்து "வீட்ல தேடுவாங்க" என்பார்கள்.

ஆடி 11, ஞாயிறு

மாதாகோயில் பூசைக்குப் போனேன். பாட்டுப் புத்தகம் வாங்கி எழுத்துக்கூட்டினேன். நான் முதல் வரி முடிப்பதற்குள் பாட்டு முடிந்தது.

மகள் சென்னையிலிருந்து போன். "சாப்டியாப்பா? மாத்திரை போட்டியா? சரி, பிள்ளைக்கு டியூஷன், வச்சிடறேன்."

சாயங்காலம் பெட்டி. எல்லாம் சரி. டிங். டிங். டிங். வீட்டில் அது ஒன்றுதான் சத்தம்.

தவளை வந்தது. "த" எனக்கு நன்றாகத் தெரியும். "வ" அழுத்தினேன்.

"பரவால்ல செல்லம். அவசரமே இல்ல."

மறுபடியும் "வ".

ஆடி 13, செவ்வாய்

இந்த நோட்டில் மட்டும் சொல்கிறேன். இன்றைக்கும் முக்கால்வாசி தப்பு. கதவைச் சாத்திக்கொண்டு. யாருக்கு என்ன நஷ்டம்?

ரசம் நன்றாக வந்தது.

ஆடி 16, வெள்ளி

கார்டை எடுத்துப் போனவர்கள் முகம் தொங்கத் திரும்பினார்கள்.

எது அழுத்தினாலும் கார்டில் பதிகிறதாம். அன்றைக்குச் சொன்னது அதுதான்.

"ஐம்பதுக்குப் பதினாலு தாத்தா" என்றாள் கா. "'த' கூட தப்பு. போன வாரம் தெரிஞ்சுதே?"

அடுத்த வியாழன் தஞ்சாவூரில் அறிவியல் கண்காட்சி. கத்துக்கிறவரே மோசமாகிக்கொண்டு போனால் எதை அனுப்புவது என்று சயின்ஸ் டீச்சர் கேட்டாராம். திங்கள்கிழமை முடிவு.

ந. அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். "என் குரல் புரியலையா தாத்தா? வேகமா பேசிட்டேனா?"

நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். கழுவிய டம்ளர்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றங்கரையில் கூட்டம். போகவில்லை. பெட்டியைத் துணியால் மூடி வைத்தேன். போன் வந்தது, மகளிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஆடி 19, திங்கள்

தூறல். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

டீச்சரிடம் சொன்னேன், தெரிந்தேதான் தப்பாக அழுத்தினேன் என்று. நம்பவில்லை.

"புள்ளைங்க மேல பாசம், அதனால சொல்றீங்க. பரவால்லங்க ஐயா, உக்காருங்க."

சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துக் காட்டினேன், தலைப்பு முதல் கடைசி வரி வரை. "ஆய்வகத்தில்" ஒன்றில்தான் தடுக்கினேன். டீச்சர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அப்பறம் ஏங்க தப்பா அழுத்துனீங்க?"

ந.வும் கா.வும் நிற்கிறார்கள். வியர்த்தது. துண்டு கொண்டுவரவில்லை.

"சரியா அழுத்துனா டிங்குங்குதும்மா. தப்பா அழுத்துனாத்தான் பேசுது. செல்லம்ங்குது."

கா. பக்கென்று சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

சிரிப்பு நின்றதும் கா. சொன்னாள்: "டீச்சர், முன்னாடி ஒண்ணாம் கிளாஸ்ல வச்சுப் பாத்தப்ப ஃபாத்திமாவும் தெரிஞ்சதையே தப்பா அழுத்துனா. மண்டையில ஏறலன்னு நெனச்சோமே."

டீச்சர் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு நாள்தான் இருக்கு. மாத்துங்க. ஐயா சொன்னதையும் அறிக்கையில எழுதுங்க. பேர் வேணாம்."

ந. வாசல் வரை வந்தாள். "தாத்தான்னு மாத்திப் பேசட்டுமா? செல்லம்னா உங்களுக்குக் கூச்சமா இருக்குமே."

"சின்னப் புள்ளைங்க பெட்டிம்மா. மாத்தாத" என்றேன்.

ஆடி 22, வியாழன்

மேகம். பெட்டி தஞ்சாவூரில்.

மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சதுரமாக. துடைக்கவில்லை.

மின்விசிறி. பல்லி. அடுத்த வீட்டுக் குக்கர் நான்கு விசில்.

சுருட்டுத் தாளையும் படித்துவிட்டேன்.

ஆடி 24, சனி

நல்ல வெயில். பரிசு இல்லையாம். ஒரு நடுவர் நின்று அறிக்கை முழுவதையும் படித்தாராம். ந. இதை மூன்று தடவை சொன்னாள்.

"திங்கக்கிழமை பெட்டி ஒண்ணாம் கிளாசுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ விளையாடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். தவளை. "த".

"சரிதான் செல்லம். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

தப்புக்கு இப்போது வெறும் டிங். ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். மற்ற நாற்பத்தொன்பதும் சரி. ஒவ்வொன்றுக்கும் பேசினாள். மெதுவாகத்தான் அழுத்தினேன். முடிந்துவிட்டது.

கடைசியில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: "எல்லாம் முடிச்சுட்ட செல்லம்! பெட்டிய மூடிட்டுப் போயி வெளையாடு."

மூடினேன். வீட்டுக்குள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மதகுக்குப் போனேன். சூசை மட்டும் இருந்தான், எதிரில் ஆள் இல்லாமல் புளியங்கொட்டைகளை அடுக்கிக்கொண்டு. நிமிர்ந்து பார்த்தான்.

"என்னடா ஒண்ணாப்பு, பள்ளிக்கூடம் விட்டாச்சா?"

"விட்டாச்சு" என்றேன்.

பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து இடம் விட்டான்.