நண்டுப் பக்கத்தின் உபயம்

ஏளா கிரேஸ்,

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஊரார் வாசிக்கப்போகிற கடிதம், ‘அன்புள்ள’ என்றுதான் தொடங்க வேண்டும் என்று நம் மகள் ஷீபா சொன்னாள். உன்னை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘ஏளா’ என்றால்தான் நீ அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாய்.

உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது. தோணியில் வந்திறங்கும் முயல், “முயல் தீவுன்னு பேரு வச்சிருக்கீங்க, ஒரு முயலையும் காணோமே?” என்று அங்கே குடியிருக்கும் நண்டிடம் கேட்கிற கதை. நீ வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீசில் வீணான சரக்குச் சீட்டுகளின் பின்பக்கத்தில் வரைந்து வைத்தாயே, அந்தப் படங்கள் அப்படியே வருகின்றன. சில இடங்களில் மறுபக்கத்து டைப் எழுத்து லேசாகத் தெரிகிறது. அழிக்க வேண்டாம் என்கிறாள் ஷீபா.

முதலில் பதிப்பாளர்களுக்குத்தான் அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், “கடைசியில நீதி ஒண்ணும் இல்லையே சார்” என்றார். இருவர் பெயரும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்போதுதான் ஷீபா சென்னையிலிருந்து கூப்பிட்டு, “கிரவுட் ஃபண்டிங் பண்ணலாம்ப்பா” என்றாள்.

“ஊரெல்லாம் கையேந்தச் சொல்லுதியா?”

“கையேந்துறது இல்லப்பா. புஸ்தகம் வேணும்னு நெனைக்கிறவங்க நெட்ல முன்கூட்டியே பணம் போடுவாங்க. குறிச்ச தேதிக்குள்ள மொத்தமும் சேரலைன்னா அவங்கவங்களுக்கே திரும்பிப் போயிரும். அவ்வளவுதான்.”

பணம் போட்ட எல்லாருடைய பெயரையும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டு நன்றி சொல்வது அவள் திட்டம். நம் ஊர்க்காரர்களிடம் நடக்குமா? கோயிலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் மூன்று இறக்கையிலும் பெயர் எழுதுகிறவர்கள். ஓடுகிற விசிறியில் எப்படி வாசிப்பது என்று ஆராதனை நடுவே என் காதில் கேட்டவள்தானே நீ. நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு எதிரே இருக்கும் டீக்கடை அண்ணாச்சி முதல் ஆளாகப் பணம் போட்டுவிட்டு நேராகவே கேட்டார். “கடைசிப் பக்கத்த யாரு சார் பாக்கப்போறா? ஆக்டோபஸ் படம் நமக்கு. அதுக்குக் கீழ உபயம்னு போட்டு நம்ம பேரப் போட்டுருங்க.”

அப்படித்தான் ஒவ்வொரு படமும் ஒருவருடைய உபயம் ஆனது. திமிங்கிலத்துக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்; உப்பளக்காரர் ஜெயித்தார். ஆமை, திருக்கை, கடற்குதிரை எல்லாம் போய்விட்டன. நண்டை மட்டும் யாரும் சீண்டவில்லை. கேட்டுப் பார்த்தால், “நண்டா? வேண்டாம் சார். நாளைக்கே நமக்கு அதப் பட்டப் பேரா வச்சிருவானுவ” என்றார்கள். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பக்கம் போகாவிட்டால் புத்தகமே இல்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு உன் நண்டைத் தெரியாது. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்கள் ஹாரன் அடிப்பது தனக்கு வணக்கம் வைப்பதற்குத்தான் என்று அது நினைக்கிறது. அடிக்காமல் போகிற கப்பல்களை அது மறப்பதே இல்லை. “போன மாசமும் இந்தக் கப்பல் இப்படித்தான் போச்சு. இனிமே இத நான் பாக்கவே மாட்டேன்” என்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் கண் குச்சி நுனியில் இருப்பதால், திரும்பி நின்றாலும் கப்பல் தெரிந்துகொண்டே இருக்கும்.

அந்த நண்டு யாரென்று முதல் வாசிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அண்ணன்! அந்தத் தடித்த கொடுக்கும் அந்த வீம்பும் வேறு யாருக்கு? இந்தப் படங்களை நீ ஆசையாக எடுத்துக்கொண்டு அவர் கயிற்றுக் கடைக்குப் போனாய். அவர் பணக்காரர், அச்சடிக்க உதவுவார் என்று நம்பினாய். “இப்பம் வேண்டாம், உள்ள வச்சிரு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீயும் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை. உன் அடக்கத்துக்கு அவர் வந்தபோதுகூட நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் ஷீபா போன் செய்தாள். “நண்டுப் பக்கம் போயிருச்சுப்பா. மாமா எடுத்திருக்காங்க.”

கோபம் வந்ததைவிட, ஆச்சரியம்தான் அதிகம். தன்னைத்தான் வரைந்திருக்கிறாள் என்று தெரியாமலே எடுத்தாரா? தெரிந்துமா? அதைக் கேட்டுவிட்டு, பிறகு அவர் பணத்தைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். “மாமா பணத்தத் திருப்புனா எல்லார் பணமும் திரும்பிரும்ப்பா, பாத்துக்கோங்க” என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

கடையில் ஒரு படகுக்காரருக்கு நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள! கடைக்கு வழி மறக்கலையா?”

“எத்தனையோ பக்கம் இருக்க, நண்டுப் பக்கத்த ஏன் எடுத்தீங்க மச்சான்?” மச்சான் என்ற சொல் எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை.

“அதுதான மிச்சம் இருந்துச்சு? இருக்கதுலயே அதுதான் நல்ல படமும்.”

“அது யாருன்னு தெரியுமா?”

கயிற்றை அளப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “எனக்குத் தெரியாமலா? ஒங்களுக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும்.”

“தெரிஞ்சுமா அச்சடிக்கீய? பெரிய மனசுதான் மாப்ள ஒங்களுக்கு. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிரேசு கொண்டாந்து காட்டுனப்போ வயிறு வலிக்கச் சிரிச்சேன். ‘ஏளா, ஒம் மாப்ளைய அப்படியே வரஞ்சு வச்சிருக்க. இது வெளிய வந்தா மனுசன் ஆறு மாசம் பேச மாட்டாரே. இப்பம் வேண்டாம், உள்ள வச்சிரு’ன்னேன். ‘எனக்கும் அதாம்ணே பயமா இருக்கு’ன்னா.”

கயிறு வாங்க வந்தவர், “யாருண்ணாச்சி அந்த நண்டு?” என்றார்.

“புஸ்தகத்த வாங்கித் தெரிஞ்சுக்கிடும்வே.”

நான் வெளியே வந்தேன். தெருவில் நின்றபடியே ஷீபாவைக் கூப்பிட்டேன். “அந்த நண்டு யாருளா?”

“ஒங்களுக்குத் தெரியாதாப்பா?”

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நண்ட எடுத்துரவாப்பா? வேற படம் வச்சுக் கதையக் கொஞ்சம் மாத்திரலாம். இன்னும் நேரம் இருக்கு.”

வீட்டுக்கு வந்து படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். எந்த நாளில் என்னைப் பார்த்து இதை வரைந்தாய்? கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனுக்குத் துறைத்தலைவர் பதவியைக் கொடுத்தார்களே, அந்த வாரமா? அவன் மேலே ஏறி வரும்போதெல்லாம் நான் மாடிப்படியில் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன் என்று உன்னிடம் நானேதான் சொன்னேனா? உன் அண்ணன் சொன்னது முழுக்க நிஜமா, அவரும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாரா? கொடுக்கு மட்டுமாவது அவருடையதுதானே?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ பயந்தது சரிதானா? நான் ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பேனா? இருந்திருப்பேன் என்றுதான் படுகிறது. ஆனால் ஏழாவது மாதம் புத்தகம் உன் கையில் இருந்திருக்குமே, ஏளா.

கடைசிப் படத்தை இதுவரை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. ஒரு கப்பல் ஹாரன் அடிக்காமல் போகிறது. முயல் கையை ஆட்டுகிறது. “அது ஒண்ணும் சொல்லலையே, நீ எதுக்குக் கைய ஆட்டுத?” என்கிறது நண்டு. “அதவிடு. அதோட அடிப்பாகம் என்ன கலருன்னு பாத்தியா?” என்கிறது முயல். நண்டு திரும்பி நின்று பார்க்கிறது. அதோடு முடித்துவிட்டாய். அந்தக் கலரை நீ தீட்டவில்லை. கப்பலின் அடிப்பாகம் வெறும் காகிதமாகவே இருக்கிறது. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா? வாசிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு கலர் சொல்லட்டும் என்றா? அந்தப் பதிப்பாளருக்கு இது புரிந்திருக்காது. எனக்கே இப்போதுதான் கண்ணில் படுகிறது.

ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்று ஷீபாவிடம் சொல்லிவிட்டேன். நண்டுக்குக் கீழே உன் அண்ணன் பெயர்தான் வரும். அவர் பணம் திரும்பிப் போகாது.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். கோயில் மண்டபத்தில் புத்தகத்தை வெளியிடும் அன்று பிள்ளைகளுக்குக் கதையை வாசித்துக் காட்ட வேண்டும். முயலின் வரிகளை ஷீபா வாசிப்பாள். நண்டு பேசுவதை நான் வாசிப்பேன். குரலை மாற்றிப் பேச எனக்கு வராது, மாற்றவும் வேண்டியதில்லை. உன் அண்ணனை நானே நேரில் போய் அழைத்து, முன்வரிசையில் உட்கார வைப்பேன். வயிறு வலிக்கச் சிரிக்கட்டும்.

நம் வீட்டிலிருந்து,
உன் வீட்டுக்காரர், உன் அண்ணனுக்கு மாப்பிள்ளை.