மணிக்கட்டில் ஒரு நுரை

அண்ணே,

இன்று காலை வேறொருவர் கடையில் சவரம் செய்துகொண்டேன். முடிவில் அவர் படிகாரக் கல்லை நனைத்துக் கன்னத்தில் தேய்த்தார். அந்த எரிச்சலில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று நாள் காய்ச்சலில் நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்கள் கடையில் இப்போது ஒரு சீனர் தகரப்பெட்டி அடிக்கிறார். கடைக்கு மேலே என் மாடி அறையில் அந்தச் சத்தத்தைத் தவிர எனக்குத் துணை இல்லை. வேலை முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன், முதலில் ஒரு வாடிக்கைக்காரர் காதில் உங்கள் கத்தி பட்டது. அவர்தான் தலையை ஆட்டினார் என்றீர்கள். அடுத்த வாரம் என் தாடையிலேயே பட்டது. நான் ஆடவில்லை. உங்கள் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். பெருவிரல் பக்கத்து எலும்பு பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது.

"எத்தனை நாளா இது?"

"கெடக்குது லா தம்பி. கத்தி புடிச்ச கை, காய்ச்சுப் போயிருக்கும்."

"காய்ப்பு தோல்லதான் வரும், எலும்புல வராது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, படம் எடுக்கிறேன்."

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. அதைப் பார்த்து நோயைச் சொல்வது டாக்டர் வேலை. சிங்கப்பூரில் பயிற்சி கொடுத்தபோது எங்களுக்குச் சொன்ன முதல் விதியே அதுதான். ஆனாலும் ஈரம் காயாத படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். எலும்பின் முனை ஊதிப்போய், உள்ளே குமிழ் குமிழாக இருந்தது. நீங்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். "என்னா தம்பி, என் கடை சோப்பு நுரை மாதிரில்ல இருக்கு!"

முந்தின வருஷம் இப்படி ஒரு படம் எடுத்திருந்தேன். அந்த ஆளின் கையை முழங்கைக்கு மேலேயே வெட்டினார்கள். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, யோசிக்காமல் சொன்னேன்: "இது போன கை, அண்ணே."

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்தார். "பரவுகிற ஜாதி இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழேயிருந்து எலும்பு வெட்டி நிரப்பினால் கை தங்கும். ஆனால் மேலோடு முட்டை ஓடாக மெலிந்திருக்கிறது. ஒடிவதற்குள் ஆளைக் கூட்டிவா" என்றார். ஓடி வந்தேன். உங்கள் கடைப்பலகை சாத்தியிருந்தது.

தீவின் மறுகோடியில், பாலிக் புலாவில் நீங்கள் போய் ஒதுங்கிய உங்கள் தங்கை வீட்டைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் பிடித்தது. ஜாதிக்காய்த் தோட்டத்து நிழலில் உங்கள் மச்சானை உட்காரவைத்து, இடது கையால் சவரம் செய்யப் பழகிக்கொண்டிருந்தீர்கள். அவர் முகமெல்லாம் காகிதத் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் ரத்தப்பொட்டு.

"வாங்க தம்பி! அடுத்தது நீங்க உக்காருங்க" என்றார் மச்சான். "என் முகத்துல இனிமே எடமில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஒரு வாக்கியத்தை நம்பி நீங்கள் வலது கையைக் கணக்கிலிருந்தே தள்ளிவிட்டீர்கள். டாக்டர் சொன்னதைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"அன்னைக்குப் போன கைன்னீங்க. இன்னைக்கு இருக்கிற கைங்கிறீங்க. அதே படம்தானே தம்பி?"

"அதே படம்தான். எனக்குப் படம் எடுக்கத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் கத்தியைத் துடைத்து மடித்து மச்சானிடம் கொடுத்துவிட்டு, "எத்தனை மணிக்கு பஸ்?" என்றீர்கள்.

சுரண்டினார்கள், கார்பாலிக் அமிலம் வைத்துச் சுட்டார்கள், காலெலும்பை வைத்து நிரப்பினார்கள். கையில் மாவுக்கட்டு, காலில் தையல். நொண்டி நொண்டி வார்டையே சிரிக்க வைத்தீர்கள். "இனிமே காலால தாடையத் தொடப்போறேன். வெளிய சொல்லாதீங்க தம்பி, ஒரு பய கழுத்தக் குடுக்க மாட்டான்."

மூன்றாம் மாதம் கட்டைப் பிரித்து மறுபடம் எடுத்தேன். குமிழ்கள் இருந்த இடம் கெட்டியாக, வெள்ளையாக இருந்தது. எனக்கே தெரிந்தது.

"என்ன தெரியுது தம்பி?"

"டாக்டர் சொல்வார்."

"நல்லதா இருந்தாலும் சொல்ல மாட்டீங்களா?"

நான் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். விதியைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமை வேறு. டாக்டர் வர இரண்டு மணி நேரமானது. இடையில் ஒரு தடவை கதவிடுக்கில் பார்த்தேன். பெஞ்சில் வலது கையை மடியில் கிடத்தி, இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கதவைச் சாத்தினேன்.

கை குணமாகி இரண்டு வருஷம் கத்தி பிடித்தீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாய் திறக்கக்கூடாத அன்று திறந்தேன். சரி, அதற்கு பாலிக் புலாவ் வந்து மன்னிப்புக் கேட்டாயிற்று. பெஞ்சில் உங்களைத் தனியாகக் காக்கவைத்ததற்குக் கேட்கவில்லை. அதுதான் அண்ணே உறுத்துகிறது.

இப்போதும் படத்தை நான் படித்துச் சொல்வதில்லை. நேற்று ஒரு அம்மாள், மகனின் முன்கைப் படத்தைக் காட்டி, "என்னப்பா தெரியுது?" என்றார். "டாக்டர் சொல்வார்மா" என்றேன். பிறகு கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.