நாற்காலி

அன்புள்ள மருமகளே,

உனக்கு மறுமணம் நிச்சயமானதிலிருந்து மாமா நேற்றுவரை உன்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

நேற்று நீ செய்வதுபோலவே கொத்துக்கறியைப் பிசைந்து, நடுவில் பேரீச்சம்பழம் வைத்து உருண்டை பிடித்துப் பொரித்தேன். எண்ணெயில் பாதி வாய்பிளந்து, பழமெல்லாம் கருகிவிட்டது. உன் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை.

மாமா ஒன்றைக் கடித்துவிட்டு, "பையனும் போய்ச் சேர்ந்துட்டான். இவளும் போகணுமா?" என்றார்.

"நமக்கு ஆக்கிப் போட்டே அந்தப் பொண்ணு கெழவியாகணுமா?" என்று கேட்டேன்.

அவர் கை காய்ந்துபோகும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார். நான் வருவேன். உனக்கும் பெற்றவர்கள் இல்லை. பெண் வீட்டார் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

உன் அத்தை