எனக்கு இல்லாத பயம்

அனுப்புநர்
ரா. பெமிலா,
க/பெ. ராஜையன்,
பெமிலா மாவு மில், கால்வாய்க்கரைச் சாலை,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாண்பமை மாவட்ட நீதிபதி அவர்கள்,
மாவட்ட நீதிமன்றம்,
நாகர்கோவில்.

பொருள்: சிறையிலிருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் வைகுண்டராஜனுக்கு ஜாமீன் வழங்கக் கோரி, அவரைக் கண்டு அஞ்சுவதாகச் சொல்லப்படும் சாட்சி தரும் மனு.

மாண்பமை ஐயா,

1. கல் லாரியை மறித்துக் கண்ணாடியை உடைத்ததாக வைகுண்டராஜன் மீது போடப்பட்டுள்ள வழக்கில் நான் போலீஸ் தரப்புச் சாட்சி. இந்த மனுவை எந்த வக்கீலும் எழுதித் தரவில்லை. மில்லில் கூட்டம் குறைந்த நேரத்தில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். விஷயத்தில் பிழை இல்லை.

2. அவருடைய முதல் ஜாமீன் மனு கீழ்க்கோர்ட்டில் தள்ளுபடியானது. "வெளியே விட்டால் சாட்சி பெமிலாவை மிரட்டுவார், அப்பெண் ஏற்கெனவே உயிருக்கு அஞ்சி வாழ்கிறார்" என்று போலீசார் எழுதிக் கொடுத்ததே காரணம். இதை எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. அவர் மனைவி பிந்து அரிசி திரிக்க வந்தபோது, மாவு விழுகிற வரையில் என் முகத்தைப் பார்க்காமல் நின்றுவிட்டு, "யக்கா, நீங்க அவரக் கண்டு பயப்படுதியளா?" என்று கேட்டார். மில்லை நிறுத்திவிட்டு விவரம் முழுவதையும் அவரிடம் கேட்டறிந்தேன். கேட்காமல் விடுவது எனக்கு வழக்கமில்லை என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

3. நான் பயப்படவில்லை. பயப்படுவதாக எந்த அதிகாரியிடமும் சொல்லவும் இல்லை. பழைய தகராறு ஏதும் உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றேன். என் மில்லின் ஓடைத் தண்ணீர் அவர் பூந்தோட்டத்தில் இறங்குகிறது என்பது அவர் கட்சி. அவர் முருங்கைமரம் என் கூரையில் முறிந்து விழுகிறது என்பது என் கட்சி. சென்ற ஆண்டு அவர், "ஏட்டி, உனக்க மில்லுக்க கூரைச் சீட்டப் பிரிச்சுக் களைவேன்" என்றது உண்மை. "ஏலே, ஏறிப் பாரு, ஏணிய எடுத்துட்டுப் போயிருவேன்" என்று நான் சொன்னதும் உண்மை. அவர் சொன்ன பாதியை மட்டும் எழுதி, அதற்குக் கொலை மிரட்டல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் பாதியையும் எழுதியிருந்தால், யார் யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதைக் கோர்ட்டே முடிவு செய்திருக்கும்.

4. "அடையாளம் தெரியாதிருக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு கும்பலாகத் திட்டமிட்டு வந்தனர்" என்றும் எழுதியிருக்கிறார்களாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவரும் இன்னும் நாலு பேரும் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் தாங்கலில் உச்சிப்படிப்பு என்னும் நண்பகல் வழிபாடு முடித்து வந்துகொண்டிருந்தார்கள். தலைப்பாகை கட்டித்தான் அவர்கள் அய்யாவைக் கும்பிடுவார்கள். நெற்றியில் நாமமும் இருந்தது. முகத்தை மறைக்க நினைப்பவன் நெற்றியில் நாமம் இட்டா வருவான்? நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆராதனை முடிந்து, கறி வாங்கிக்கொண்டு வரும்போதுதான் இதையெல்லாம் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் இந்த மாவட்டத்தில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாதா? நானும் ஆலயத்திலிருந்து முக்காட்டோடுதான் வந்தேன். விருப்பமிருந்தால் என்னையும் அந்தக் கும்பலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

5. அவர்கள் லாரியை மறித்ததை நான் மறுக்கவில்லை. முந்தின வாரம் இப்படி ஒரு லாரியிலிருந்து உருண்ட கல், பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் விழுந்தது. விடுமுறை நாளாக இருந்ததால் பிள்ளைகள் தப்பின. அதைச் சொல்லித்தான் வைகுண்டராஜன் நடுரோட்டில் நின்றார். டிரைவர் பின்னால் எடுத்தபோது கரண்டு கம்பத்தில் இடித்துப் பக்கக் கண்ணாடி உடைந்தது. யாரும் கல் எறியவில்லை. இதை விசாரிக்க வந்தவரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டார், படித்துக் காட்டவில்லை. விசாரணை நடக்கும்போது கூண்டில் ஏறி இதையே சொல்வேன்.

6. தலைமறைவாகிவிடுவார் என்பது இன்னொரு காரணமாம். ஓணத்துக்கென்று நட்ட வாடாமல்லியும் கேந்தியும் அவர் வயலில் பூத்து நிற்கின்றன. பிந்து ஒற்றையாளாகப் பறிக்கிறார், பாதி செடியிலேயே கருகுகிறது. ஓணப் பூவை வயலில் விட்டுவிட்டு ஓடுகிறவன் தோவாளைப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட் விசாரித்துச் சொல்லட்டும், தலைவணங்குகிறோம். விசாரிப்பதற்கு முன்பே தண்டிப்பதற்கு என் பெயரை எடுத்துக்கொள்ள யாருக்கும் நான் அனுமதி கொடுக்கவில்லை. அவர் உள்ளே கிடக்கிற ஒவ்வொரு நாளும் நான் சொல்லாத ஒரு சொல்லுக்காகக் கிடக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை ஐயா.

7. ஆகவே, அவரைத் தாமதமின்றி ஜாமீனில் விடுவிக்க வேண்டுகிறேன். ஜாமீன்தாரர் வேண்டுமென்றால் நானே நிற்கிறேன். மில் நிற்கும் இடத்தின் தீர்வை ரசீதை இத்துடன் இணைத்துள்ளேன். தகராறுள்ள அதே ஓடையும் அதில் அடக்கம். சாட்சியே ஜாமீன் நிற்கச் சட்டம் இடம் தராது என்றால் என் கணவர் ராஜையன் நிற்பார். அவரிடம் நான் பேசிவிட்டேன்.

8. ஓடைத் தகராறில் நான் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் பணிவுடன் பதிவு செய்கிறேன். அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் அந்தத் தகராறை மீண்டும் கையில் எடுப்பேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் மனிதனோடு எனக்குச் சண்டையில்லை.

இடம்: தோவாளை வட்டம்
நாள்: 18.08.2025

இப்படிக்கு,
யாருக்கும் அஞ்சாத சாட்சி,
(ஒப்பம்) ரா. பெமிலா

இணைப்பு: தீர்வை ரசீது நகல்.

நகல்: இவ்வழக்கின் விசாரணை அதிகாரி அவர்களுக்கு. எனக்குப் பயம் வந்தால் நானே நேரில் வந்து சொல்கிறேன். அதுவரை தாங்கள் எழுத வேண்டாம்.