சுரைக்காயில் இருந்த முகம்

மார்ச் 4

விளக்கு அக்காவுக்கு,

நலமா? சந்தையில் உங்கள் சுரைக்காய் விளக்குகளை வாங்காமல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த இஸ்திரிக்காரி நான்தான். நீங்கள் கொடுத்த விலாசத்துக்கு எழுதுகிறேன். அதிகம் படிக்காதவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போன மழைக்காலத்தில் தவறிப்போனார். அவர் வைத்த கொடியில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் விட்டிருந்தேன். காய்ந்துவிட்டது. ஆட்டினால் விதைச் சத்தம் கேட்கிறது. ஆனால் மேலெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. அழுகிவிட்டதா? எறியச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
இஸ்திரிக்கடைத் தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

அழுகவில்லை. காயும்போது பூஞ்சை வரத்தான் செய்யும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவிடு. பிறகு மழுங்கின கத்தியால் மேல்தோலைச் சுரண்டு. உள்ளே மரம் மாதிரி ஓடு இருக்கும். பயப்படாதே. பழுக்கக் காய்ந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்!

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஓடு பளபளவென்று வந்துவிட்டது.

ஒன்றை நான் எழுதாமல் விட்டேன். காய் கைக்குள் அடங்குகிற பிஞ்சாக இருந்தபோது அவர் அதில் நகத்தால் என் முகத்தைக் கீறினார். உம்மென்று இருக்கிற முகம். "பாத்துக்கிட்டே இரு கோபக்காரி, காய் பெருசாகப் பெருசாக உன் கோபமும் பெருசாகும்" என்று சிரித்தார். அவர் போன பிறகும் அந்த முகம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. கன்னம் உப்பி, வாய் கோணி. பூஞ்சையை எடுத்தால் முகம் தெரியும் என்றுதான் உங்களைக் கேட்டேன். தோலோடு போய்விட்டது.

உங்களைக் குறை சொல்லவில்லை. இனி எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

தங்கைக்கு,

"அதுல ஏதாவது கீறல் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து விளக்கு செதுக்குகிற கத்தியைத் தொட மனம் வரவில்லை. முகம் எப்படி இருந்தது என்று எழுது. நான் வரைந்து தருகிறேன். பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

முகம் எப்படி இருந்தது என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். அவர் பார்த்த முகம் அதில் இல்லை.

இஸ்திரிப் பெட்டிக் கரியில் ஓர் ஆணியைக் காய்ச்சி ஓட்டில் கோடு இழுத்தேன். சட்டையில் விழுந்தால் திட்டு வாங்கித் தருகிற அதே பழுப்பு நிறம். இங்கே அழகாக இருந்தது. எவ்வளவு சூடு வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. இழுத்துக்கொண்டே போனேன். என் முகம் வரவில்லை. அவர் சிரிக்கிற முகம் வந்தது. மூக்கு மட்டும் சப்பையாகிவிட்டது.

பக்கத்துத் தையல்காரர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர்தானே? யாருகிட்ட அடி வாங்கினாரு?" என்றார். "எங்கிட்டதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

தோல் இருந்திருந்தால் சூடு இப்படிப் பிடித்திருக்குமா, தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காயைத் துணியில் சுற்றிக்கொண்டு போன வாரம் சந்தைக்கு வந்தேன். உங்கள் இடத்தில் யாரோ பிளாஸ்டிக் வாளி விற்றுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரமும் வருவேன். மூக்கு எப்படிப் போடுவது என்று கேட்க வேண்டும்.

கத்தியை எடுங்கள் அக்கா.

உங்கள்,
கோபக்காரி