முதலில் வட்டங்கள் வரும்

கதவு மூலையில் ஒரு பூவரசந் தடி சாய்ந்திருக்கிறது. நேற்று வைத்தது. நுனி இன்னும் காயவில்லை. குனிந்தால் பாசி மணக்கிறது. வெயில் படாத தண்ணீரின் மணம். அந்த மணம்தான் என்னை உனக்கு எழுத வைக்கிறது, மச்சான். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

கொக்குவிலில் நாங்கள் வேலை செய்த அறை அப்படியே இருக்கிறது. ரயில் போகும்போது மேசை அதிர்கிறது. நீ இருந்தால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருப்பாய்.

நாங்கள் செய்தது எளிய வேலை என்றுதான் வெளியே சொல்வோம். வானத்திலிருந்து எடுத்த படத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பாரம் குறைத்து, சிக்னல் நொண்டுகிற ஊர்களிலும் திறக்கும்படி வைப்பது. போரால் நெடுங்காலம் யாரும் போகமுடியாதிருந்த வடக்குக் கரைக் காணிகளுக்குத் திரும்புகிறவர்களுக்காக. அங்கே வேலி இல்லை, வீடு இல்லை. போனில் வரும் படம்தான் அவர்களுக்கு எல்லை.

படம் இலகுவாகத் திறக்கிறது என்று நான் மகிழ்ந்த நாளில் நீ உடுப்பிட்டிக்குப் போனாய். உன் அம்மாவின் பழைய போனோடு உங்கள் வீட்டு வளவுக்குள் நின்று பார்த்தாய். அறையில் இருந்து பார்த்து எதையும் நம்பமாட்டாய் நீ. பிறகு என்னை அழைத்தாய். குரல் தாழ்ந்திருந்தது.

"மச்சான், எங்கடை கிணறு எங்கை?"

மூலப்படத்தில் கறுப்புப் புள்ளியாக இருந்தது. பாரம் குறைத்ததில் வாழையின் பச்சையோடு கரைந்துவிட்டது. நீ கிணற்றுக் கட்டின்மேல் இருந்தபடிதான் கதைத்தாய். கப்பியின் சத்தம் எனக்குக் கேட்டது. அது கட்டுள்ள கிணறு. வடக்குக் கரையில் கட்டுக் கற்களை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வாய் மட்டும் மிச்சம். அதன்மேல் பற்றை. கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று அறிவித்தார்கள். கிணற்றை யார் எடுப்பது?

"படத்திலை இல்லாட்டி நிலத்திலையும் இல்லை எண்டுதான் சனம் நடக்கும்" என்றாய்.

அதன்பின் கிணறுகளைப் படத்திலிருந்து தனியே பிரித்தாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பாரமே இல்லை. எவ்வளவு மோசமான சிக்னலிலும் அது முந்திவிடும். வெறும் சாம்பல் திரை, அதில் வட்டங்கள், பிறகு மெல்ல மெல்ல நிலம். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நிலமில்லாமல் கிணறுகள் மட்டும். பல்கலைக்கழகம் முடித்தவனுக்கு வட்டத்துக்கும் பயமோ என்று கேட்டுச் சிரித்தாய். பயம் உனக்குத்தான் அதிகம். அதை வட்டமாக்கத் தெரிந்திருந்தது.

பற்றை மூடிய கிணறு மூலப்படத்திலும் தெரியாது. ஆகவே முன்பு அங்கே இருந்த ஆட்களைத் தேடிப் பிடித்தோம். கனடாவிலிருந்து ஒரு பெரியவர், கிணறு முருங்கைக்குக் கிழக்கே என்றார். பின்னாலிருந்து மனைவி மறித்தார். "அவர் ஒருநாளும் தண்ணி அள்ளினதில்லைத் தம்பி. மேற்கை." நீ மேற்கே வட்டம் போட்டாய்.

மாரிமழை வந்தது. உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். நீ போட்டுக்கொண்டு வந்த வட்டங்கள் ஓர் ஒழுங்கையோடு, ஒரு சின்னத் தெருவோடு, நின்றுவிட்டன. நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

முந்தாநாள் ஓர் அழைப்பு. குருநகரில் வாடகைக்கு இருக்கும் ஓர் அக்கா. கடற்றொழில் குடும்பம். அவரைக் கைக்குழந்தையாக இருந்தபோது வடக்கிலிருந்து தூக்கிவந்தார்களாம்; காணி எப்படி இருந்ததென்று தெரியாது; சொல்லத் தாயும் இல்லை. மறுநாள் மகளோடு பார்க்கப் போவதாகச் சொன்னார். படம் சுணங்காமல் வருகிறது என்று நன்றியும் சொன்னார். பிறகு:

"எங்கடை காணிக்குள்ளை வட்டம் ஒண்டுமில்லைத் தம்பி. கிணறு இல்லைப்போலை. நல்லதாப் போச்சு, பிள்ளை ஓடித்திரிவாள்."

படத்தை விரித்துப் பார்த்தேன், மச்சான். அவருடைய காணி நீ நிறுத்திய ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில். நாங்கள் பார்க்காத இடத்தை அவர் கிணறில்லாத இடமாக வாசித்துவிட்டார். இன்னும் யார் யார் அப்படி வாசிக்கிறார்கள், எந்தெந்த வளவில்.

போகவேண்டாம் என்றேன். வாடகைக்கு வான் பிடித்தாயிற்று என்றார். அப்படியென்றால் நானும் வருகிறேன், அதுவரை பிள்ளையைக் கீழே விடவேண்டாம் என்றேன்.

பின்வேலியில் ஒரு பூவரசங் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு போனேன். அங்கே போனைத் திறந்தால் சாம்பல் திரை. வட்டங்கள் வந்தன, எல்லாம் எங்களுக்குப் பின்னால். முன்னால் ஒன்றுமில்லை. வாசல் இருந்திருக்கக்கூடிய இடத்தில் அக்கா மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றார். அவள் இறங்கத் துள்ளினாள். நான் தடியால் குத்திக் குத்தி நடந்தேன். மண். கல். வேர். மண். நாயுண்ணிப் பற்றை பூத்திருந்தது, நிறைய வண்ணத்துப்பூச்சிகள். பிள்ளை கை நீட்டியது அவற்றுக்குத்தான்.

அங்கேதான் தடி போய்க்கொண்டே இருந்தது. தோள்வரை என் கையும். தடியின் நுனி தண்ணீரைத் தொட்டது.

அக்கா சிலுவை போட்டார்.

"அம்மா இதிலைதான் அள்ளியிருப்பா, என்ன?"

"ஓம் அக்கா."

அந்த இடத்தில் நின்றே வட்டம் போட்டேன்.

இன்று காலையிலிருந்து பார்க்காத இடங்களுக்கெல்லாம் சாய்கோடு கீறுகிறேன். கோட்டுக்கும் பாரமில்லை, வட்டங்களோடு சேர்ந்து வரும். இங்கே இன்னும் பார்க்கவில்லை என்று ஒரு வரியும். கீறக் கீற வடக்கு விளிம்பு கறுத்துக்கொண்டு வருகிறது. திறக்கிற சனம் பயப்படும். பயப்படட்டும்.

நீ எனக்கு விட்டுப்போனதும் அந்தப் பயம்தான். கிணறு எங்கே என்று தெரிந்த என் சொந்த வளவிலும் இப்போது காலை ஊன்றுமுன் ஒரு கணம் நிற்கிறேன்.

தடி மூலையிலேயே இருக்கட்டும். நாளைக்கு அடுத்த ஒழுங்கை.