எந்தப் பக்கமிருந்து போகலாம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு புது வண்டிகள் வந்து இறங்கின. கல், மணல், சேறு எதிலும் ஓடும் நான்கு சக்கர வண்டிகள். கடைப் பலகையில் ‘ஏடிவி’ என்று எழுதியிருக்கிறோம். உள்ளே எங்களுக்கு அது ‘நாலுகால்’. ஒன்று நீள வண்டி, மற்றது ஒல்லிப்பிச்சான்.

மதியத்துக்கு முன் ஒரு தம்பதி வாடகைக்கு வந்தார்கள். கணவருக்கு நீள வண்டிமேல் கண். ஏறி உட்காரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கைப் பிடியுங்கள் என்றேன். கை வெறும் காற்றைப் பிடித்தது. மனைவி சிரித்த சிரிப்பில் மனிதர் தானாகவே இறங்கி ஒல்லிப்பிச்சானிடம் போய்விட்டார். இதுதான் என் வேலை. ஆளைப் பார்த்து வண்டி, வண்டியைப் பார்த்துத் தடம். நான்கு வருடமாகச் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள்: “எந்தப் பக்கமிருந்து போகலாம்?”

அவள் கேட்டது மணல் தடத்தை. அது ஒரு வட்டம், எப்படிப் போனாலும் கடைக்கே வந்து சேரும். ஆனால் எனக்கு வாய் திறக்கவில்லை. முதலாளிதான் பதில் சொன்னார்.

மார்ச் 5, புதன்

ஐந்து மாதம் ஆகிறது. அதே கேள்வியை வேறு வேறு வாய்களில் எத்தனை முறை கேட்பது?

மார்ச் 7, வெள்ளி

முதலாளி இன்று கூப்பிட்டுச் சொன்னார். அக்டோபரிலிருந்து மூடிக் கிடக்கும் கல்திட்டுத் தடத்தை மாதக் கடைசியில் திறக்க வேண்டுமாம். “நீயே போய் ஒரு ஓட்டு ஓட்டிட்டுப் பட்டை அடிச்சிடும்மா. பச்சைதானே, உனக்குத் தெரியாத தடமா?”

எனக்குத் தெரியாத தடமா. சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாமல் எங்கே எழுதுவது.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தடங்களை ஓட்டிப் பார்த்து மரத்தில் தகரப் பட்டை அடிப்பது நான். பச்சை என்றால் புதியவர்கள் போகலாம். மஞ்சள் என்றால் பழகியவர்கள். சிவப்பு என்றால் வேண்டாம். கல்திட்டுத் தடத்தின் கீழ்முனை குளம், மேல்முனை எங்கள் கடை. நான் தார் ரோட்டில் குளத்துக்கு இறங்கி, தடத்தில் ஏறிக் கடைக்கு வருவேன். எப்போதும் அப்படித்தான். ஏன்? மதியச் சாப்பாடு கடையில் இருக்கிறது. வேறு ஒரு காரணமும் இல்லை. வாடிக்கையாளர்களையும் டிரெய்லரில் வண்டியோடு குளத்தில் இறக்கிவிடுவோம், அவர்களும் ஏறித்தான் வருவார்கள்.

அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை டிரெய்லர் பழுது. ஓர் இளைஞர் வந்தார். முப்பது இருக்கும். மூன்று வண்டிகளில் உட்கார்ந்து பார்த்து, கண்ணை மூடிப் பிரேக் பிடித்து, நடுவிலிருந்த மஞ்சள் வண்டியை எடுத்தார். எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்தார். கடைசியில், தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டே கேட்டார்: “கல்திட்டுக்கு எந்தப் பக்கமிருந்து போகலாம்? கீழேருந்தா, இங்கேருந்தேவா?”

நான் போனில் இருந்தேன். டிரெய்லர் மெக்கானிக்கிடம் பேசிக்கொண்டிருந்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன்: “எந்தப் பக்கமானாலும் ஒண்ணுதான்.”

அவர் திரும்பி வரவில்லை. தடத்தின் குறுக்கே இருக்கும் கல்திட்டுக்குக் கீழே வண்டி அவர்மேல் கிடந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகள் அளந்து பார்த்துவிட்டு ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். தடம் என்ன நிறம் என்று என்னைக் கேட்டார்கள். பச்சை என்றேன். அவர் என்னிடம் என்ன கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

குளத்திலிருந்து ஏறினேன். பாதித் தூரத்தில் பின்னால் இன்னொரு வண்டிச் சத்தம். தடம் மூடியிருக்கிறது, யாரும் வர வழியில்லை. நிறுத்தினேன், அதுவும் நின்றது. கிளப்பினேன், கொஞ்சம் தாமதித்து அதுவும் கிளம்பியது.

பாறையில் பட்டு வரும் எதிரொலி. எனக்குத் தெரியாதா? நான்கு வருடம் இதே பாறைதானே? இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையும் அடிக்கவில்லை. ஆணி தீர்ந்துவிட்டது என்று முதலாளியிடம் ஒரு பொய்.

மார்ச் 12, புதன்

இன்று வந்தவர் அவருடைய அக்கா.

முதலில் தெரியாது. என் வயதுதான் இருக்கும். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறாராம், பார்வை பார்த்துக் கண்ணாடி பொருத்திக் கொடுப்பது தொழில். வாடகைக்கு வண்டி வேண்டும் என்றார். இதற்கு முன் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டேன். “இல்ல. என் தம்பி ஓட்டினான்” என்றார். எந்தத் தம்பி என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. மூக்கு அப்படியே.

“அவனுக்கு எப்படி எடுத்துக் குடுத்தீங்களோ, அதே மாதிரி எனக்கும் எடுத்துக் குடுங்க.”

செய்தேன். மூன்று வண்டிகளில் உட்காரவைத்தேன். முழங்கை மடிகிறதா, குதிகால் மிதியில் பதிகிறதா, கட்டைவிரல் ஆக்ஸிலரேட்டருக்கு எட்டுகிறதா எல்லாம் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கைச் சரியாகப் பிடித்தார். பிடித்தபடியே, கண்ணைத் திறக்காமல் பேசினார்.

“நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கேப்பேன், இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதான்னு. அவன் என்னைவிட மோசம். செருப்பு வாங்கணும்னாகூட நாலு கேள்வி கேப்பான். கடைக்காரங்க ஓடிடுவாங்க. அவன் போய் வேகமா ஓட்டினான்னா எனக்கு நம்ப முடியல. ஆனா அப்பா நம்பிட்டார். சொன்ன பேச்சு கேக்காத பய, தானா தேடிக்கிட்டான்னு சொல்லிட்டு உக்காந்திருக்கார். அஞ்சு மாசமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. போட்டோ மாட்ட விடல.”

பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“உங்ககிட்ட ஏதாவது கேட்டானா?”

“இல்ல மேடம்” என்றேன்.

வண்டி எடுக்காமலே போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

இல்ல மேடம். இல்ல மேடம். இல்ல மேடம்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவரிடமும் இதுவரை சொல்லவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டே சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஒரு ரோட்டை ஏறிப் பார்த்தால் இறங்கிப் பார்த்த மாதிரிதானே என்று.

“நல்லா சொன்ன போ. போற டிரிப்பும் வர்ற டிரிப்பும் ஒரே ரோடுன்னு எவன் சொன்னான்? ஏறும்போது எதிர்ல நிக்கிறது, இறங்கும்போது காலடியில ஒளிஞ்சிருக்கும். இதுகூடத் தெரியாமத்தான் ஊருக்கெல்லாம் தடம் காட்டுறியா?”

கேலிக்குத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கீழே வைத்தார். “என்னாச்சு? ஏய், என்னாச்சு?” குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே நின்று கதவைத் தட்டாமல் இருந்தார். அரைமணி நேரம் கழித்துத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “நீ இன்னும் மேலேருந்து இறங்கிப் பாக்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 19, புதன்

இறங்கிப் பார்த்தேன்.

காலை பத்து மணி, நல்ல வெயில். கடையிலிருந்து கிளம்பி, நடை வேகத்தில் போனேன். பிரேக்கை விடவே இல்லை. ஏறும்போது கல்திட்டு கண்ணுக்கு நேரே தெரியும், முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. முன் சக்கரத்தைக் கொடுத்தால் ஏறிவிடும். மேலிருந்து வரும்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தடம் நேராகக் கீழே போவதுபோலத்தான் இருக்கிறது. அதன் விளிம்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே! இருபது அடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தேன். படி இடப்பக்கம் சரிந்திருக்கிறது. நடை வேகத்தில் வந்தாலும் முன் சக்கரம் விழுந்து, வண்டி இடப்பக்கமாகக் குப்புறக் கவிழும். வேகமே வேண்டாம். அவர் வேகமாகப் போகவே இல்லை. கேட்டுவிட்டு, பச்சைப் பட்டையைப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் போயிருப்பார்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இறங்கும்போதும் அந்தச் சத்தம் கேட்டது. ஆனால் பின்னால் இல்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியை அணைத்த பிறகும் ஒரு கணம் கேட்டது, கல்திட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பிறகு நின்றுவிட்டது.

மேல்முனை மரத்தில் இருந்த பழைய பச்சைப் பட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அது இப்போது மேஜையில் இருக்கிறது. என் கையெழுத்தில் தேதி போட்டிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன். கடுங்கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். “முடிஞ்ச கதைய ஏம்மா கிளறுறே? ஒரு சிவப்புப் பட்டையை அடிச்சுட்டு விட்டுடு. அந்தப் பையன் திரும்பி வரப் போறானா?”

வர மாட்டார். அவர் வர வேண்டியதும் இல்லை. அவருடைய அப்பாவுக்குத்தான் தெரிய வேண்டும்.

மார்ச் 22, சனி

கண்ணாடிக்கடைக்குப் போனேன். அக்கா ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், உட்காருங்கள் என்று கையால் காட்டினார். சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்னது. கடைசி வரியை வாசிக்கப் பார்த்தேன், கண்ணீர் மறைத்தது. பெரியவர் போனதும் எழுந்தேன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

“அக்கா, அவர் கேட்டார். என்கிட்ட கேட்டார். எந்தப் பக்கமிருந்து போகலாம்னு கேட்டார். நான்தான் ஒண்ணுதான்னுட்டேன். போன்ல இருந்தேன். நான் இறங்கிப் பாத்ததே இல்ல அக்கா, நாலு வருஷத்துல ஒரு தடவைகூட.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் துடைத்து முடித்து, பெட்டியில் வைத்து, மூடினார்.

“கேட்டானா?”

“கேட்டார்.”

“அன்னைக்கு உங்களைக் கேட்டேனே. முகத்தைப் பாத்துக் கேட்டேனே.”

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். “அவன் கேட்டான்னு எழுதிக் குடுங்க. அப்பாவுக்கு. இப்ப போயிடுங்கன்னு சொல்லத்தான் தோணுது. எழுதிட்டுப் போங்க.”

எழுதிவிட்டு வந்தேன். பச்சைப் பட்டையையும் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

விசாரணை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட வந்தார். மூடிய கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார்கள். திறக்கட்டும். முதலாளி நாளையிலிருந்து வாடிக்கையாளரிடம் பேச வேண்டாம், பின்கொட்டகையில் வண்டி கழுவினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

மஞ்சள் வண்டியும் பின்கொட்டகையில்தான் இருக்கிறது, தார்ப்பாய்க்குள். நாள் முழுக்க நானும் அதுவும்.

ஏப்ரல் 9, புதன்

அக்காவிடமிருந்து ஒரு வரிச் செய்தி: ‘அப்பா இன்னைக்கு அழுதார்.’

வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தால் கடைவாசலில் அக்கா நிற்கிறார். பக்கத்தில் அவருடைய அப்பா. சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். முதலாளி உள்ளே போய்விட்டார். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். எழுதியது நான்தான் என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார்.

“அந்த இடத்தைப் பாக்கணும். எந்தப் பக்கமிருந்து போகலாம்?”

குரல் அவர் மகனின் அதே குரல்.

“கீழேருந்துங்க ஐயா” என்றேன். “மேலேருந்து வேண்டாம். வண்டியும் வேண்டாம், நடந்து போகலாம். நான் கூட வர்றேன்.”

குளத்திலிருந்து ஏறினோம். முதல் வளைவில் பின்னால் ஏதோ கேட்டது. இந்தமுறை திரும்பிப் பார்த்தேன். பெரியவர் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.